நம்மூர் எழுத்தாளரும் நம் கல்விக் கழகமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சற்று முன்னர்ச் செயலாளர் அவர்கள் ஆண்டறிக்கையைப் படித்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனை பேர் பள்ளியிறுதித் தேர்வில் வென்றனர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் பணியில் அமர்ந்தனர் என்னும் கணக்குகளைக் கேட்டு நாம் அனைவரும் கையொலி எழுப்பினோம். அது நாம் மகிழ வேண்டிய கணக்குத்தான். ஆயினும் அவ்வறிக்கையில் ஒரு கணக்கு இல்லை. படிக்கக் கற்றுக்கொண்ட நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் எழுதினார்கள் என்பதே அக்கணக்கு. இது செயலாளரைக் குறை கூறுவதற்காகச் சொன்னதன்று. நம்மில் எவரும் இதுவரை அதனைக் கேட்டதில்லை. இன்று கேட்க வேண்டும் என்பதற்காகவே இவ்வுரைக்கு இசைந்தேன்.

எழுத்தாளர் என்றவுடன் பெரிய பத்திரிகைகளில் படம் வெளிவந்தவரையே நாம் நினைக்கிறோம். நான் பேசப் போவது அவர்களைப் பற்றி மட்டுமன்று. பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, இரவில் பிள்ளைகள் உறங்கிய பின் பள்ளி நோட்டின் பின்பக்கங்களில் கதையோ கவிதையோ எழுதி, அதனை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கும் நம்மவரைப் பற்றியும் பேச வேண்டும். விழுப்புரத்திலும், அதற்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரிலுள்ள திண்டிவனத்திலும், இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஊர்களிலும் அத்தகையோர் உள்ளனர். அவர்கள் ஒருவரையொருவர் அறியார் என்பதே பெருங்குறை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். எழுத்து நமக்குப் புதிதாக யாரோ அளித்த கொடை அன்று. 1869ஆம் ஆண்டிலேயே ‘சூரியோதயம்’ என்னும் இதழ் ஒடுக்கப்பட்டோரால் நடத்தப்பெற்றது. திண்டிவனத்திலிருந்து சென்னைச் சாலையில் சென்றால் மதுராந்தகத்தை அடுத்துள்ளது கோழியாளம். அவ்வூரில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893இல் ‘பறையன்’ என்னும் பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். எந்தச் சொல்லால் இழிவு செய்தார்களோ அந்தச் சொல்லையே தலைப்பாக்கினார். முதல் இதழ் நான்கே பக்கம். ஏறத்தாழ நானூறு படிகள் இரண்டு நாட்களில் சென்னையில் விற்றன என்று அவரே தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் பதிந்துள்ளார். 1900 வரை அவ்விதழ் நடைபெற்றது.

அடுத்து அயோத்திதாசப் பண்டிதர். 1907 சூன் 19ஆம் நாள் ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. மறு ஆண்டில் ‘தமிழன்’ ஆயிற்று. பண்டிதர் சித்த மருத்துவர்; எழுத்தை வருவாய்த் தொழிலாகக் கொண்டவரல்லர். அவ்விதழைப் படித்தவர் யாவர்? கோலார் தங்கவயலில் நிலத்தடியில் உழைத்தவர்களும், பர்மாவிற்கும் தென்னாப்பிரிக்காவிற்கும் பிழைக்கச் சென்றவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் படித்ததோடு நின்றாரல்லர். வினா எழுப்பினர், மறுப்பு எழுதினர், பொருளுதவி செய்தனர். 1914இல் பண்டிதர் மறைந்த பின், 1926இல் அதே பெயரில் அவ்விதழை மீண்டும் எழுப்பியவர் தங்கவயலின் ஜி. அப்பாதுரையார். ஆசிரியர் மறைந்தும் இதழ் உயிர்த்தெழுந்தது எதனால்? அதனைச் சுற்றி ஓர் எழுதுவோர் கூட்டம் இருந்ததால்தான். தனியொருவரின் ஆற்றல் எத்துணைப் பெரிதாயினும் அவரோடு முடிந்துவிடும். கூட்டத்தின் ஆற்றல் அடுத்த தலைமுறைக்குச் செல்லும்.

இதே உண்மையை மராட்டியத்திலும் காணலாம். அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1920இல் ‘மூக்நாயக்’ இதழையும், 1927இல் ‘பகிஷ்கிருத பாரத்’ இதழையும் தொடங்கினார்கள். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார்கள். அக்கழகம் 1950இல் ஔரங்காபாத்தில் ஏற்படுத்திய கல்லூரியே பின்னர் மிலிந்த் கல்லூரி எனப் பெயர் பெற்றது. அதன் விடுதிகளில் சிற்றூர்ப் பிள்ளைகள் தங்கிப் படித்தனர். படித்தவர் எழுதினர், எழுதியவர் ஒருவர்க்கொருவர் படித்துக் காட்டினர். 1960களின் இறுதியில் அந்நகரிலிருந்தே கங்காதர் பான்தாவனே அவர்களின் ‘அஸ்மிதாதர்ஷ்’ இதழ் புறப்பட்டது. அவ்விதழ் எழுதுவோரையும் படிப்போரையும் ஒரே பந்தலில் அமர்த்தி மாநாடுகள் நடத்தியது. தலித் இலக்கியம் என்று இன்று உலகம் பேசும் ஒன்றின் வேர்களுள் முதன்மையான ஒன்று, ஒரு கல்விக் கழகத்தின் விடுதித் திண்ணையில் இருந்தது. இங்கே வீற்றிருக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

கல்லூரி இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையம் ஒன்று அப்பணியைச் செய்தது. டொமினிக் ஜீவா அவர்கள் பள்ளியில் சாதியின் பெயரால் இழிவுற்று ஐந்தாம் வகுப்போடு வெளியேறியவர். குடும்பத் தொழில் நடந்த ஜோசப் சலூனே அவருக்குப் படிப்பகமாயிற்று; எழுத்தாளர்கள் கூடிப் பேசும் மன்றமாயிற்று. 1966 ஆகஸ்டில் அவர் ‘மல்லிகை’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். தாமே கட்டாகத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்து விற்றார். போர், இடப்பெயர்வு, தாள் பஞ்சம் அனைத்தையும் தாண்டி அவ்விதழ் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தது. எத்தனையோ புதியவர்களின் முதற்கதை அதில்தான் அச்சேறியது. அவர் 2021இல் மறைந்தார். ஆக, கூடுவதற்கு மாளிகை வேண்டியதில்லை. நான்கு பேர் உட்காரும் இடமும், நாள் தவறாமல் வரும் மனமும் போதும்.

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். 1993இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. கள்ளக்குறிச்சி பிரியுமுன், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இம்மாவட்ட மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் பட்டியல் வகுப்பினர். மாநில அளவில் அவ்வெண் 20. அதே கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு நூற்றுக்கு 72 அளவில் நின்றது, மாநிலத்தினுடையதோ 80. நாம் தொகையால் மிகுந்தும் எழுத்தால் குறைந்தும் வாழும் நிலத்தில் இருக்கிறோம். நம்மைப் பற்றிய செய்திகளைப் பிறரே எழுதி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1978ஆம் ஆண்டு சூலைத் திங்களில் விழுப்புரத்தில் நம்மவர் பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டனர். இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்க்கு அந்நாட்களை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அவர்கள் ஒவ்வொருவர் நெஞ்சிலும் அது இருக்கிறது. ஆனால் நெஞ்சில் இருப்பது நெஞ்சோடு போய்விடும். வழக்குப் பதிவேட்டில் இறந்தவரின் பெயர், அகவை, காயத்தின் அளவு இருக்கும். அவர் எந்தப் பாட்டைப் பாடுவார், எவருக்குக் கடன் கொடுத்தார், அன்று காலை வீட்டை விட்டுப் புறப்படுகையில் என்ன சொன்னார் என்பவை இரா. அவற்றை அயலார் எழுத இயலாது. நாமே எழுதாவிடில், நம் மக்களின் வரலாறு காவல் நிலைய ஏட்டில் மட்டுமே எஞ்சும். வட்டார எழுத்தாளர் என்பவர் பொழுதுபோக்கிற்காக வேண்டப்படுபவர் அல்லர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அவ்விழுப்புரத்திலேயே நமக்கு ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 1962இல் பிறந்த விழி. பா. இதயவேந்தன் அவர்கள் நகராட்சிப் பணியில் இருந்துகொண்டே எழுதியவர். ‘நெம்புகோல்’ என்னும் மக்கள் கலை இலக்கிய அமைப்பைத் தோற்றுவித்தோருள் ஒருவர். ‘நந்தனார் தெரு’, ‘வதைபடும் வாழ்வு’, ‘தாய்மண்’ முதலிய தொகுதிகளில் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பின் வாழ்வை உள்ளிருந்து எழுதினார். அலுவலகமும் குடும்பமும் இயக்கமும் மூன்று பக்கம் இழுக்க, நான்காவதாக எழுத்தையும் விடாமல் காத்தவர் அவர். இன்று அவர் நம்மிடையே இல்லை. அவருடைய நூல்கள் நம் கழக நூலகத்தில் எத்தனை உள்ளன என்று மாணவர்கள் இன்று மாலையே சென்று பார்க்கட்டும்.

விழுப்புரம் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் பயிற்றிய கவிஞர் பழமலய் அவர்களையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 1988இல் வெளிவந்த அவருடைய ‘சனங்களின் கதை’, நடுநாட்டுச் சிற்றூர் மக்களின் பேச்சு கவிதைக்கு ஆகும் என்பதைக் காட்டியது. அவர் நம் சேரியில் பிறந்தவரல்லர். ஆயினும் அவர் திறந்த வாயில் இப்பகுதியில் எழுத முனைந்த பலர்க்கும் பயன்பட்டது. அதே 1980களின் இறுதியில் சிவகாமியின் ‘பழையன கழிதலும்’, 1992இல் பாமாவின் ‘கருக்கு’, 1994இல் விருத்தாசலம் பகுதியைச் சேர்ந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ என நூல்கள் வந்தன. 1991இல் வந்த அம்பேத்கர் நூற்றாண்டு இவ்வெழுச்சிக்குப் பெருந்துணையாயிற்று. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவரான இமையம் ‘செல்லாத பணம்’ நாவலுக்காக 2020ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றார் என்பதை இங்குள்ள ஆசிரியர்கள் அறிவார்கள்.

தோழர்களே, எழுத்து நூலில்தான் தொடங்குகிறது என்று எண்ணிவிடாதீர்கள். சேரியின் முதல் எழுத்தாளர் மனு எழுதுபவரே. நான் ஏழாம் வகுப்புப் படிக்கையில், எங்கள் சுடுகாட்டுப் பாதையை அடைத்துவிட்டார்கள் என்று ஒரு மனு எழுதும்படி என் தந்தை பணித்தார். பள்ளியில் கற்றவாறு, ‘தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறோம்’ என்று முடித்துப் படித்துக் காட்டினேன். கையெழுத்திடவும் அறியாத அவர், “தாழ்மை இன்னாத்துக்குடா? நம்ம பாதைய நாம கேக்கறோம்னு எழுது” என்றார். அடித்துவிட்டு மாற்றி எழுதினேன். பாதை கிடைக்கச் சில ஆண்டுகள் ஆயின. அது வேறு செய்தி. ஒரு சொல்லை ஏன் நீக்க வேண்டும் என்பதை எனக்கு முதலில் கற்பித்தவர் எழுத்தறியாத அவரே. அதன்பின் பல இலக்கணநூல்களைக் கற்றேன். அன்று பெற்ற பாடத்தை அவை எவையும் மறுக்கவில்லை.

திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி அவர்களும் தோழர்களும் இருளர் மக்களுக்காகப் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் அமைத்து உழைத்த வரலாற்றை நாடறியும். அத்தகைய உழைப்பில் ஒவ்வொரு வழக்கும் ஒரு மனுவில்தான் தொடங்குகிறது. நடந்ததை நடந்தவாறு, நாள் தவறாமல், பெயர் தவறாமல் எழுதும் அந்தப் பயிற்சி, கதை எழுதுவோர்க்கும் வேண்டிய முதற்பயிற்சியாகும்.

மனுவைப் போலவே ஒப்பாரியும் நம் எழுத்தின் தாய். இறந்தவரின் வாழ்வை அவ்விடத்திலேயே கட்டிப் பாடும் தாய்மார்கள் நம் தெருக்கள்தோறும் இருந்தனர். இன்னும் சிலர் இருக்கின்றனர். தெருக்கூத்து ஆசிரியர்கள் தம் ஆட்டப் பாடல்களைப் பழைய நோட்டுகளில் எழுதி வைத்துள்ளனர். அந்நோட்டுகள் கரையான் வாயிலும், பழைய தாள் வாங்குபவரின் தராசிலும் போய்க்கொண்டிருக்கின்றன. என் பாட்டி பாடிய ஒப்பாரிகளை எழுதி வைக்க எனக்கு எழுத்தும் இருந்தது, நேரமும் இருந்தது. அவை எழுதத் தக்கவை என்னும் எண்ணம் மட்டும் இல்லை. அவ்வெண்ணம் இல்லாத கல்வியைத்தான் நான் அன்று பெற்றிருந்தேன்.

இதுவரை பிறர் செய்த கொடுமையையும் நம் பெருமையையும் கூறினேன். வெள்ளி விழா மேடையில் நம் குறைகளையும் சொல்லாமல் இறங்கினால் அது நேர்மையாகாது. மூன்று குறைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, நாம் எழுதியவரைப் பாராட்டுகிறோம், படிப்பதில்லை. பொன்னாடை போர்த்துகிறோம், புத்தகத்தைப் பிரிப்பதில்லை. ஓர் இளைஞர் கவிதை படித்தால் “அருமை” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். எந்த வரி நெஞ்சில் நின்றது, எந்த வரி பிறரைப் பார்த்து எழுதியது என்று சொல்ல எவரும் இல்லை. பாராட்டு மட்டுமே பெற்றவர் இரண்டாம் நூலோடு நின்றுவிடுவார். என் தந்தையைப் போல் ஒரு சொல்லைச் சுட்டி, “இது எதற்கு?” என்று கேட்பவரே எழுதுவோர்க்கு உண்மையான உறவினர்.

இரண்டாவது, உண்மையை எழுதினால் நாமே சினம் கொள்கிறோம். ‘கருக்கு’ வெளிவந்தபோது பாமா தம் சொந்த ஊருக்குள் சில மாதங்கள் செல்ல இயலவில்லை என்பதை அவரே கூறியிருக்கிறார். பின்னர் அவ்வூர் மக்களே அவரை ஏற்றுக்கொண்டனர். ‘கோவேறு கழுதைகள்’ நமக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணாரின் துயரை எழுதியது. நமக்குக் கீழும் ஒருவரை நாம் வைத்திருக்கிறோம் என்று அது காட்டியபோது, நம்மவர் சிலரே அதனைக் கடிந்தனர். ஊர் நம்மை ஒதுக்கியதை எழுதும் கை, நாம் அருந்ததியரையும் புதிரை வண்ணாரையும் இருளரையும் எங்கே உட்கார வைத்தோம் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அதனைத் தாங்கிக்கொள்ளும் வலிமை நமக்கு இல்லையெனில், பிறரிடம் அவ்வலிமையை எதிர்பார்க்க நமக்கு உரிமை ஏது?

மூன்றாவது, நம் எழுத்துக் கூட்டங்களில் பெண்கள் எங்கே? கூட்டம் முன்னிரவில் நடக்கிறது; அப்பொழுது அவர்கள் அடுப்பருகே இருக்கிறார்கள். நம் கழகப் பள்ளியில் கட்டுரைப் போட்டிப் பரிசுகளைப் பெறும் பெண்பிள்ளைகள், திருமணத்திற்குப் பின் ஒரு வரியும் எழுதாமல் போவதை நான் கண்டிருக்கிறேன். திறமை அவர்களை விட்டு நீங்கவில்லை. எழுத உட்கார இடமும் நேரமும் நீங்கின. அவற்றைத் தர வேண்டியவர்கள் இங்கே அமர்ந்திருக்கும் தந்தையரும் கணவன்மாருமே.

எனவே, இக்கழகத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை.

ஒன்று: திங்கள்தோறும் ஒரு ஞாயிறன்று பகற்பொழுதில், ஒரு முறை விழுப்புரத்திலும் மறுமுறை திண்டிவனத்திலும், எழுதுவோர் கூடிப் படித்துக் காட்டும் அமர்வு நடைபெற வேண்டும். மாலை, பொன்னாடை, நீண்ட வரவேற்புரை எவையும் வேண்டா. இருவர் படிக்கட்டும், மற்றவர் குறை நிறை கூறட்டும். தாய்மார்கள் குழந்தைகளோடு வரலாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஆண்கள் முறை வைத்து ஏற்கட்டும்.

இரண்டு: நம் பள்ளியில் கையெழுத்து இதழ் ஒன்றை மாணவர்கள் நடத்த வேண்டும். உருட்டச்சும் ஈய எழுத்தும் போய்க் கைபேசியிலேயே எழுதி அனுப்பும் காலம் வந்துவிட்டது. எனினும் ஒரே படியாக, கையால் எழுதி, படம் வரைந்து, நூலகத்தில் வைக்கப்படும் இதழுக்கு ஒரு பயன் உண்டு. அதனை ஆக்கும்போது பிள்ளைகள் சேர்ந்து உட்காருகிறார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்துகிறார். கூட்டம் அங்கேதான் பிறக்கிறது.

மூன்று: வீடுதோறும் சென்று கூத்து நோட்டுகள், பழைய மனுக்களின் படிகள், கடிதங்கள், துண்டறிக்கைகள் ஆகியவற்றைத் திரட்டி, அல்லது படி எடுத்து, நூலகத்தில் ஒரு நிலைப்பெட்டியில் வைக்க வேண்டும். ஒப்பாரி பாடும் மூதாட்டியரின் குரலைப் பேரப்பிள்ளைகளே பதிவு செய்யட்டும். பாடியவர் பெயர், ஊர், நாள் தவறாமல் குறிக்கப்பட வேண்டும். அவர் இசைவும் பெற வேண்டும். அவர்களும் ஆசிரியர்களே.

நான்கு: 1978ஐ நினைவில் வைத்திருக்கும் பெரியோர்களிடம் மாணவர்கள் அமர்ந்து, அவர்கள் சொல்வதை அவர்கள் மொழியிலேயே எழுத வேண்டும். இதனை நான் இறுதியில் சொன்னாலும் முதலில் செய்யத் தக்கது இதுவே. ஏனெனில் மற்ற மூன்றும் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கும். இது காத்திராது. அன்று இருபது அகவையினராக இருந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர்.

நடையைப் பற்றி ஒரு சொல். நான் இவ்வுரையைச் செந்தமிழ் நடையில் எழுதி வந்து படிக்கிறேன். இம்மேடைக்கு இது பொருந்தும். ஆனால் உங்கள் வீட்டையும் தெருவையும் எழுதும்போது இந்நடையைக் கடன் வாங்காதீர்கள். உங்கள் பேச்சு கொச்சை என்று எவரேனும் சொன்னால், அந்தப் பேச்சில்தான் உங்கள் தாய் உங்களைத் தாலாட்டினாள் என்று விடை கூறுங்கள். அதே நேரத்தில், பேச்சுத் தமிழில் எழுதினால் உழைப்பு வேண்டாம் என்றும் எண்ணாதீர்கள். எந்த நடையாயினும் பத்து முறை படித்துப் பார்த்து எழுதுவதே எழுத்து.

1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கியபோது, நம் பிள்ளைகள் எழுத்தைத் தொடுவதே பெரும் போராட்டமாக இருந்தது. அத்தகையோர் உழைப்பால் நாம் படித்தோம். முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் இக்கழகம் நம் பிள்ளைகளைப் படிப்போராக்கிற்று. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அவர்களுள் சிலரையேனும் எழுதுவோராக்கட்டும். பொன்விழாவில் படிக்கப்பெறும் அறிக்கையில், இன்று விடுபட்ட அந்தக் கணக்கும் இடம்பெற வேண்டும்.

முதல் அமர்வை வருகின்ற திங்களிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று தலைவர் அவர்கள் இசைவு தந்தால், படிப்பதற்கு நான் ஒன்றைக் கொண்டு வருவேன். அதில் எந்தச் சொல் வேண்டாதது என்று நீங்கள் சொல்ல வேண்டும்.